பாண்டியர் கல்வெட்டுகளில் வானியல் குறிப்புகள்

பாண்டியர் கல்வெட்டுகளில் வானியல் குறிப்புகள் என்பன, மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பாண்டிய மன்னர்களின் கல்வெட்டுகளில் நாளைக் குறிப்பதற்காகப் பொறிக்கப்பட்ட ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் நிலைகளாகும். சூரியன் நின்ற இராசி, வளர்பிறை அல்லது தேய்பிறை, திதி, கிழமை, சந்திரன் நின்ற நட்சத்திரம் ஆகியவை இவற்றுள் அடங்கும். பெரும்பாலான பாண்டியர் கல்வெட்டுகளில் சக ஆண்டோ கலியுக ஆண்டோ தரப்படவில்லை; மன்னரின் ஆட்சியாண்டு மட்டுமே உள்ளது. இதனால் எந்த மன்னர் எப்போது ஆண்டார் என்பதை அறிவதற்கு இந்த வானியல் குறிப்புகளே முதன்மைச் சான்றாக அமைந்தன. கி.பி. 12ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான பாண்டியர் காலவரிசை பெரிதும் இவற்றின் அடிப்படையில் கணிக்கப்பட்டதாகும்.

சீன அரசவைக் குறிப்புகளுடன் ஒப்பீடு

பழங்கால வானியல் பதிவுகளுள் உலக அளவில் மிகவும் அறியப்பட்டவை சீன அரசவை வரலாற்று நூல்களில் உள்ளவையாகும். சீனப் பேரரசர்கள் வானை நோக்குவதற்கெனத் தனி அலுவலர்களை அமர்த்தியிருந்தனர். வானில் தோன்றும் புதுமைகள் ஆட்சியின் நன்மை தீமைகளைக் காட்டுவன என்று நம்பப்பட்டதால், கிரகணங்களும் வால்வெள்ளிகளும் புதிய விண்மீன்களும் நாள்தோறும் கவனித்துக் குறிக்கப்பட்டன. ஒரு மரபின் ஆட்சி முடிந்த பின் எழுதப்பட்ட அதிகாரப்பூர்வ வரலாற்றில் வானியலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்படுவது வழக்கம். கி.மு. 240இல் தோன்றிய ஏலியின் வால்வெள்ளி பற்றிய குறிப்பும், 1054 ஜூலை 4 அன்று தோன்றிய "விருந்தினர் விண்மீன்" பற்றிய குறிப்பும் இவற்றுள் புகழ்பெற்றவை. இரண்டாவதாகக் கூறப்பட்ட விண்மீன் 23 நாட்கள் பகலிலும் தெரிந்ததாகவும், 1056 ஏப்ரல் வரை இரவில் காணப்பட்டதாகவும் சீன நூல்கள் கூறுகின்றன. அந்த விண்மீன் வெடிப்பின் எச்சமே இன்று நண்டு நெபுலா எனப்படுகிறது.

1054இல் மதுரைப் பகுதி சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளபோதும் இவ்விண்மீனைப் பற்றிய குறிப்பு எதுவும் அவற்றில் அறியப்படவில்லை. இதற்குக் காரணம் கல்வெட்டின் நோக்கமாகும். கல்வெட்டு என்பது நிலக்கொடை, வரிநீக்கம், விளக்கெரிக்கத் தந்த ஆடுகள், நில விற்பனை போன்றவற்றை நிலைநிறுத்தும் ஆவணம். அதற்கு வானத்தில் நடந்த புதுமை தேவையில்லை; ஆவணம் எழுதிய நாள் ஐயத்திற்கு இடமின்றித் தெரிய வேண்டும். எனவே சீன வரலாற்றாசிரியர், அறிந்த ஒரு நாளில் வானம் எவ்வாறு இருந்தது என்று எழுதினார். தமிழ்க் கல்வெட்டு எழுதியவரோ, வானம் இருந்த நிலையைக் கொண்டு அது எந்த நாள் என்று எழுதினார்.

இரண்டிற்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. சீனர் நாட்களை 60 நாட்கள் கொண்ட இடையறாத சுழற்சியில் எண்ணினர். தமிழ்க் கல்வெட்டுகளில் அதே பணியை ஏழு கிழமைகளின் இடையறாத சுழற்சி செய்கிறது. பிற்காலத்தவர் இவ்விரண்டையும் பின்னோக்கி எண்ணிச் சரிபார்க்க முடிவது இதனாலேயே ஆகும்.

நாள் குறிக்கும் முறை

பாண்டியர் கல்வெட்டில் முதலில் மன்னரின் மெய்க்கீர்த்தி அல்லது சிறப்புப் பெயரும், அடுத்து ஆட்சியாண்டும், அதனை அடுத்து நாள் விவரமும் வரும். நாள் விவரத்தில் பொதுவாகக் காணப்படும் உறுப்புகள் பின்வருமாறு:

நாயிறு: சூரியன் நின்ற இராசி. மேஷ நாயிறு என்றால் சித்திரை மாதம், கடக நாயிறு என்றால் ஆடி மாதம் என்று கொள்ள வேண்டும். ஓர் இராசி 30 பாகை அளவுடையது. சூரியன் அதனைக் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

பக்கம்: பூர்வபக்கம் என்பது வளர்பிறை, அபரபக்கம் என்பது தேய்பிறை.

திதி: சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்லும் காலம் ஒரு திதி. ஒரு சந்திர மாதத்தில் 30 திதிகள் உள்ளன.

கிழமை: வார நாள்.

நாள்: கல்வெட்டு வழக்கில் "நாள்" என்பது பெரும்பாலும் அன்றைய நட்சத்திரத்தையே சுட்டும். வான்வட்டத்தின் 360 பாகையை 27ஆகப் பகுக்கும்போது ஒரு நட்சத்திரத்திற்கு 13 பாகை 20 கலை கிடைக்கும். சந்திரன் ஏறத்தாழ ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கிறது.

பாண்டியர் கல்வெட்டுகளுக்கே உரிய ஒரு வழக்கு "எதிர்" என்னும் சொல்லாகும். இரண்டாம் ஆண்டின் எதிர் பதினொன்றாம் ஆண்டு என்று எழுதப்பட்டிருந்தால், இரண்டையும் கூட்டிப் பதின்மூன்றாம் ஆட்சியாண்டு என்று கொள்வது ஆய்வாளர் வழக்கம்.

இந்த விவரங்களைக் கணித்துத் தந்தவர்கள் "கணி" எனப்பட்ட காலக்கணிதர்கள் ஆவர். அவர்கள் கணித்த நாளைக் கல்தச்சர் கல்லில் பொறித்தார்.

தொடராண்டு தரும் கல்வெட்டுகள்

சில கல்வெட்டுகளில் ஆட்சியாண்டுடனோ அதற்கு மாறாகவோ கலியுக ஆண்டு அல்லது சக ஆண்டு போன்ற தொடராண்டு காணப்படுகிறது. எண்ணிக்கையில் குறைவாக இருப்பினும் இவை காலவரிசைக்கு நிலையான ஊன்றுகோல்களாக உள்ளன.

மதுரைக்கு வடகிழக்கே உள்ள ஆனைமலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குரிய குடைவரைக் கோயில் உள்ளது. இதனைக் குடைவித்தவர் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன்காரி என்பவர். கோயில் திருமுழுக்குக்கு முன்பே அவர் காலமானதால், அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டிப் பணியை நிறைவு செய்தார். இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கலியுகம் 3871, கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, இரேவதி நட்சத்திரம் என்று நாளைக் குறிக்கிறது. இது கி.பி. 770 நவம்பர் 4 ஆகும்.

இக்கல்வெட்டில் திதி தரப்படவில்லை. எனினும் அதனைத் தோராயமாக அறியலாம். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக இராசியில், அதாவது 210 முதல் 240 பாகைக்குள் இருக்கும். இரேவதி நட்சத்திரம் 346 பாகை 40 கலை முதல் 360 பாகை வரை உள்ளது. எனவே சந்திரன் சூரியனைவிட 107 முதல் 150 பாகை முன்னே நின்றிருக்க வேண்டும். அதாவது வளர்பிறை நவமிக்கும் திரயோதசிக்கும் இடைப்பட்ட ஒரு நாள். 770 நவம்பர் 4 அன்று சந்திரன் அமாவாசை கழிந்து ஏறத்தாழ 11 நாட்கள் ஆகியிருந்தது. கல்வெட்டின் கூற்றும் வானின் நிலையும் இவ்வாறு ஒத்துப்போகின்றன.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டு, சக ஆண்டு 792ஐயும் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டையும் இணைத்துக் கூறுகிறது. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870-871 ஆகும். இதிலிருந்து இரண்டாம் வரகுணன் 862-863 அளவில் முடிசூடினான் என்று அறியப்படுகிறது.

சோழ நாட்டிலும் இத்தகைய கல்வெட்டு உண்டு. விழுப்புரம் பகுதியில் உள்ள கிராமம் என்னும் ஊரின் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழனின் 36ஆம் ஆட்சியாண்டைக் கூறுவதுடன், கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணப்பட்ட நாட்களின் தொகையையும் 14,77,037 என்று தருகிறது. இதற்குரிய நாள் 943 ஜனவரி 14, சனிக்கிழமை. பராந்தகன் 907இல் ஆட்சிக்கு வந்தான் என்னும் முடிவு இக்கல்வெட்டால் உறுதிப்பட்டது.

கணிப்பு முறை

தொடராண்டு இல்லாத கல்வெட்டின் நாளைக் கண்டறிவது எவ்வாறு என்ற வினா எழலாம். இதற்கு அடிப்படை, கல்வெட்டில் உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதாகும். சூரியனின் இராசியும் திதியும் தெரிந்தால் சந்திரன் எந்தப் பகுதியில் இருக்க முடியும் என்பது தெரிந்துவிடும். கல்வெட்டில் உள்ள நட்சத்திரம் அப்பகுதிக்குள் வராவிட்டால், எங்கோ பிழை உள்ளது என்று பொருள். எடுத்துக்காட்டாக, மேஷ நாயிற்றில் வளர்பிறைப் பஞ்சமியன்று சந்திரன் 48 முதல் 90 பாகைக்குள் மட்டுமே நிற்க முடியும். உரோகிணி முதல் புனர்பூசம் வரையிலான நட்சத்திரங்களே அன்று பொருந்தும். அனுடம் ஒருபோதும் பொருந்தாது.

பொருந்தும் குறிப்பு கிடைத்தபின், அது எந்தெந்த ஆண்டுகளில் நிகழக்கூடும் என்று கணிக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட சூரிய மாதத்தில் ஒரு குறிப்பிட்ட திதி பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை வரும். அது குறிப்பிட்ட கிழமையில் அமைவது ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆகவே ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 14 ஆண்டுகள் பொருந்தும். நட்சத்திரத்தையும் சேர்த்தால் அவ்வெண்ணிக்கை நான்கைந்து அளவாகக் குறைந்துவிடும். எழுத்தமைதி, மெய்க்கீர்த்தி, கல்வெட்டில் வரும் பிற பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு இவற்றுள் பலவற்றை விலக்கலாம்.

ஒரே மன்னரின் பல கல்வெட்டுகளைச் சேர்த்து ஆராயும்போது முடிவு மேலும் உறுதியாகிறது. ஒரு மன்னரின் பத்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின் நாள் தெரிந்தால், அதற்கு முந்தைய ஒன்பதாம் ஆண்டுக்கும் பத்தாம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில் அவர் முடிசூடினார் என்பது தெளிவு. மற்றொரு கல்வெட்டு இந்த ஓராண்டு இடைவெளியைச் சில மாதங்களாகக் குறைக்கும். இன்னொன்று சில வாரங்களாகக் குறைக்கும். இவ்வாறு பல கல்வெட்டுகளும் ஒரே தொடக்க நாளைச் சுட்டினால் மட்டுமே அம்முடிவு ஏற்கப்படும். தனியொரு கல்வெட்டைக் கொண்டு மன்னரின் காலத்தை முடிவு செய்வது பாதுகாப்பானதன்று.

ஆய்வு வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் தொல்லியல் துறையினர் தென்னிந்தியக் கல்வெட்டுகளை முறையாக மைப்படி எடுக்கத் தொடங்கினர். அவ்வாறு படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளின் நாட்களை முதலில் விரிவாகக் கணித்தவர் செருமானிய அறிஞர் பிரான்சு கீல்கார்ன் ஆவார். சோழ மன்னர்களின் நாட்கள், பாண்டிய மன்னர்களின் நாட்கள் என்னும் தலைப்புகளில் அவர் எழுதிய கட்டுரைகள் எபிகிராபியா இண்டிகா இதழில் தொடர்ந்து வெளிவந்தன. 1908இல் அவர் காலமான பின்னர் எர்மன் யாக்கோபி இப்பணியைத் தொடர்ந்தார்.

இராபர்ட் சூவெல், சங்கர் பாலகிருட்டிண தீட்சித் ஆகியோர் இணைந்து 1896இல் இந்திய நாட்காட்டி பற்றிய நூலை வெளியிட்டனர். கணிதப் பயிற்சி குறைந்தவரும் பயன்படுத்தக்கூடிய அட்டவணைகள் அதில் இருந்தன.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்களிப்பு மிகவும் குறிப்பிடத்தக்கது. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர். பின்னர் சென்னை சட்டமன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். அவர் 1911இல் இந்தியக் காலக்கணிதம் பற்றிய நூலையும், 1922இல் கி.பி. 700 முதல் 1799 வரையிலான காலத்திற்குரிய பஞ்சாங்கத் தொகுதிகளையும் வெளியிட்டார். 1,100 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய திதியும் நட்சத்திரமும் அத்தொகுதிகளில் காணலாம். கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்யப்பட்ட இப்பணி, கல்வெட்டாய்வாளர்களின் அன்றாடக் கருவியாகப் பல பத்தாண்டுகள் விளங்கியது.

பின்னர் கே. ஏ. நீலகண்ட சாத்திரி 1929இல் வெளியிட்ட பாண்டியர் வரலாற்று நூலில் இக்கணிப்புகளைப் பயன்படுத்தினார். கும்பகோணத்தைச் சேர்ந்த ந. சேதுராமன் 1970களிலும் அதன் பின்னரும் பாண்டியர் கல்வெட்டு நாட்களை மீண்டும் ஆராய்ந்து, பழைய வரிசையில் பல திருத்தங்களை முன்வைத்தார்.

தெளிவான காலவரிசை

பாண்டிய மன்னர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். அவற்றுடன் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன், குலசேகரன் போன்ற சில பெயர்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. எனவே கல்வெட்டில் "சடையவர்மன் சுந்தரபாண்டியன்" என்று மட்டும் இருந்தால், அவர் எந்தச் சுந்தரபாண்டியன் என்று அறிவது கடினம். "சோணாடு வழங்கியருளிய" போன்ற சிறப்புப் பெயர்கள் சில இடங்களில் உதவும். அவை இல்லாதபோது வானியல் குறிப்பே வழிகாட்டும்.

இவ்வாறு கணிக்கப்பட்ட முக்கியமான ஆட்சித் தொடக்க ஆண்டுகள் பின்வருமாறு:

1190 – முதலாம் சடையவர்மன் குலசேகரன்
1216 – முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன்
1251 – முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன்
1253 – சடையவர்மன் வீரபாண்டியன்
1268 – முதலாம் மாறவர்மன் குலசேகரன்

இப்பட்டியலில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. 1251இல் ஆட்சிக்கு வந்த சுந்தரபாண்டியன் ஆண்டுகொண்டிருந்தபோதே 1253இல் வீரபாண்டியனின் ஆட்சியாண்டுகளும் தொடங்கிவிடுகின்றன. ஒருவருக்குப் பின் ஒருவர் ஆண்டனர் என்று கொண்டால், கல்வெட்டுகளில் உள்ள கிழமையும் நட்சத்திரமும் பொருந்துவதில்லை. பாண்டிய நாட்டில் ஒரே காலத்தில் அரசகுலத்தவர் பலர் முடிசூடி ஆண்டனர் என்பது இதனால் உறுதியாகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டை உடன்பிறந்தோரான ஐந்து அரசர்கள் ஆண்டதாக எழுதியுள்ளார். அவருடைய கூற்றைத் தனியே நம்ப வேண்டியதில்லாமல், கல்வெட்டுகளின் நாட்களே கூட்டாட்சிக்குச் சான்றளிக்கின்றன.

இலக்கியத்தில் உள்ள குறிப்புகள்

மதுரையோடு தொடர்புடைய இலக்கியங்களிலும் வானியல் குறிப்புகள் உள்ளன. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரை எரியுண்ணும் நாள் பற்றிய பழைய உரை ஒன்று கூறப்படுகிறது. ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை என்பன அதில் உள்ள உறுப்புகள்.

மேலே கூறப்பட்ட முறையை இதற்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆடியில் சூரியன் 90 முதல் 120 பாகைக்குள் இருக்கும். தேய்பிறை அட்டமியன்று சந்திரன் சூரியனுக்கு 264 முதல் 276 பாகை முன்னே இருக்கும். கார்த்திகை நட்சத்திரம் 26 பாகை 40 கலை முதல் 40 பாகை வரை உள்ளது. இவை மூன்றும் ஒருங்கே நிகழச் சூரியன் 110 பாகை 40 கலையைக் கடந்திருக்க வேண்டும். எனவே நூல் கூறும் நாள், ஆடி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுக்குள் மட்டுமே அமைய முடியும். குறிப்பு தன்னளவில் முரண்பாடற்றது. பஞ்சாங்கம் அறிந்த ஒருவரால் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் அது எந்த ஆண்டு என்பது வேறு வினாவாகும். சாமிக்கண்ணுப் பிள்ளை, அடியார்க்கு நல்லாரின் உரையில் உள்ள விவரங்களையும் சேர்த்துக் கணித்து, கி.பி. 756ஆம் ஆண்டைக் காட்டினார். இலங்கை மன்னன் கயவாகு பற்றிய குறிப்பைக் கொண்டு சிலப்பதிகாரத்தை இரண்டாம் நூற்றாண்டில் வைப்பவர்கள் இதனை ஏற்கவில்லை. மறுபுறம், இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை குறிக்கப்பட்டதற்குரிய மிகப் பழைய சான்று கி.பி. 484ஆம் ஆண்டின் ஏரண் கல்வெட்டாகும் என்பதால், வெள்ளிக்கிழமை என்னும் குறிப்பு பிற்காலத்தைச் சுட்டுகிறது என்று வாதிடுவோரும் உளர்.

பரிபாடலில் நல்லந்துவனார் இயற்றிய வையை பற்றிய பதினோராம் பாடல், கோள்கள் நின்ற இராசிகளையும் சந்திர கிரகணத்தையும் கூறி, அதனைத் தொடர்ந்து பெய்த மழையால் வையையில் வெள்ளம் பெருகியதைப் பாடுகிறது. இதற்குச் சாமிக்கண்ணுப் பிள்ளை கணித்த நாள் கி.பி. 634 ஜூன் 17. பரிபாடலின் காலத்தை அதற்கு முன்னர் வைக்கும் அறிஞர்கள் இக்கணிப்பை மறுக்கின்றனர்.

புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து இரவொன்றில் எரிமீன் ஒன்று விழக் கண்டதையும், அதன் ஏழாம் நாளில் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததையும் பாடியுள்ளார். வானில் தோன்றிய புதுமையை அரசனின் நிலையோடு இணைத்துக் காணும் இப்பாடல், சீன அரசவைக் குறிப்புகளின் நோக்கத்திற்கு மிக நெருக்கமானது.

கல்வெட்டுக்கும் இலக்கியத்திற்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. கல்வெட்டு நாள், நிகழ்ந்த ஒரு செயலுக்குரியது. அதே மன்னரின் பிற கல்வெட்டுகளைக் கொண்டு அதனைச் சரிபார்க்கலாம். இலக்கியத்தில் வரும் நாள் புலவரின் கற்பனையாகவோ மரபாகவோ இருக்கக்கூடும். அதனைச் சரிபார்க்க ஆட்சியாண்டுகளின் தொடர் இல்லை.

சீனாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு

மாறவர்மன் குலசேகரனின் காலத்தில் பாண்டிய நாட்டிற்கும் மங்கோலியர் ஆண்ட சீனாவிற்கும் இடையே தூதுவர் போக்குவரவு இருந்தது. சீன வரலாற்று நூல்கள் இந்நாட்டை மாபார் என்னும் அரேபிய வழக்குப் பெயரால் குறிக்கின்றன. அதே காலத்தில் தென்கிழக்குச் சீனாவின் துறைமுக நகரான சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் தங்கியிருந்தனர். அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, சம்பந்தப்பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள் சிவன் கோயில் ஒன்றில் இறைவனை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன.

இக்கல்வெட்டின் நாள் சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று தமிழ் முறையிலேயே தரப்பட்டுள்ளது. இது 1281 ஏப்ரல் மாதத்திற்கு உரியது. சூரியன் மேஷத்திலும் சந்திரன் சித்திரையிலும் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிரே நிற்கும். எனவே அது பௌர்ணமியை ஒட்டிய நாள். மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்திரா பௌர்ணமிக் காலத்தையே, கடல் கடந்து வாழ்ந்த தமிழர் தம் கோயிற் பணிக்கும் தேர்ந்துள்ளனர் என்பது இதனால் அறியப்படுகிறது. வானை நோக்கி எழுதுவதில் நெடிய மரபுடைய நாட்டில் இருந்தபோதும், அவர்கள் தம் ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கைவிடவில்லை.

பிழைகளும் வரம்புகளும்

எல்லாக் கல்வெட்டு நாட்களும் கணிப்புடன் பொருந்துவதில்லை. இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

திதியும் நட்சத்திரமும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ மட்டும் தொடங்குவதில்லை. பகலின் எந்த நேரத்திலும் மாறலாம். கொடை அளித்த நேரத்தில் இருந்த திதியை எழுதினாரா, சூரிய உதயத்தில் இருந்த திதியை எழுதினாரா என்பது கல்வெட்டிலிருந்து தெரிவதில்லை.

பூர்வபக்கம் என்பதற்கு அபரபக்கம் என்றோ, உத்திரம் என்பதற்கு உத்திராடம் என்றோ பொறித்த பிழைகள் நேர்ந்திருக்கலாம். ஆனால் பிழை என்று கூறித் திருத்துவது ஆய்வாளருக்கு எளிய வழியாகவும் அமைந்துவிடும். திருத்தங்கள் மிகுந்தால் விரும்பிய எந்த ஆண்டையும் பொருத்திக் காட்ட முடியும். இதனாலேயே ஒரே மன்னருக்கு வெவ்வேறு அறிஞர்கள் வெவ்வேறு தொடக்க ஆண்டுகளைக் கூறியுள்ளனர்.

வானியல் ஆய்வுக்கும் இவற்றின் பயன் ஓர் எல்லைக்கு உட்பட்டது. சீன நூல்களில் உள்ள பழைய கிரகணப் பதிவுகள், புவியின் சுழற்சி வேகம் காலப்போக்கில் குறைந்து வருவதை அளக்கப் பயன்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டுகளில் கிரகணம் கொடைக்குரிய புண்ணிய காலமாகவே பொதுவாகக் கூறப்படுகிறது. அது தொடங்கிய நேரமும் மறைந்த அளவும் கூறப்படுவதில்லை. எனினும் நாளை உறுதிசெய்ய அக்குறிப்பு உதவும்.

பாதுகாப்பு

ஒரு கல்வெட்டின் நாள் குறிப்பு பொதுவாக ஒன்றிரண்டு வரிகளில் அடங்கிவிடும். அவ்வரிகளில் ஒரு சொல் சிதைந்தாலும் கணிப்பு தடைபடும். கிழமை அழிந்தால் பொருந்தக்கூடிய ஆண்டுகள் ஏழு மடங்காகப் பெருகிவிடும். கோயில் திருப்பணிகளின்போது கற்கள் இடம் மாற்றி அடுக்கப்பட்டதாலும், சுவர்களில் சுண்ணாம்பு பூசப்பட்டதாலும், மணல் வீச்சு முறையில் கற்கள் தூய்மை செய்யப்பட்டதாலும் தமிழகத்தில் பல கல்வெட்டுகள் சிதைந்துள்ளன. அவ்வாறு அழிந்தவற்றுள் சிலவற்றுக்கு, முன்பு எடுக்கப்பட்ட மைப்படிகள் மட்டுமே இன்று சான்றாக எஞ்சியுள்ளன.

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் உள்ள தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது.

பழைய பஞ்சாங்கத் தொகுதிகள் செய்த கணக்கை இன்று கணினி நிரல்கள் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. சூரியன், சந்திரன் ஆகியவற்றின் எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கணித்துக்கொள்ளலாம். கல்லில் இருந்த கிழமையையும் நட்சத்திரத்தையும் அவ்வாறு மீட்க இயலாது. ஆகவே பாண்டியர் காலவரிசையில் இன்னும் எஞ்சியுள்ள ஐயங்கள் தீர்வது, மதுரை வட்டாரக் கோயில்களின் சுவர்களில் எஞ்சியுள்ள வரிகள் படியெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுவதைப் பொறுத்தே உள்ளது.